கருக்கலைப்புப் படிவத்தில் கணவர் கையெழுத்து: யார் கேட்கச் சொன்னது?

வேம்படி:
"கணவனின் கையெழுத்து இல்லாமல் மனைவி கருவைக் கலைப்பது சட்டவிரோதம்" என்று நிதானன் இந்த இணைய மன்றத்தின் வேறொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில், 18 வயது நிறைந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் ஒன்றே போதும் என்கிறது. கருத்தடை மாத்திரையைப் பிடுங்கி எறிபவனிடமே போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நிதானன்:
என் வரியை வெட்டி ஒட்டியதற்கு நன்றி. சமர் கோஷ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், கணவனுக்குத் தெரியாமல் மனைவி கருக்கலைப்புச் செய்துகொள்வது மனக்கொடுமை ஆகலாம் என்று எழுதியிருக்கிறதே, அது தங்கள் கண்ணில் படவில்லையா? கையெழுத்து தேவை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வேம்படி:
அது விவாகரத்து வழக்கு, ஐயா. மனைவிக்குத் தெரியாமல் கணவன் கருத்தடை அறுவை செய்துகொள்வதும் மனக்கொடுமை ஆகலாம் என்று அதே வாக்கியத்தின் முற்பாதி சொல்வதைத் தாங்கள் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஒப்புதல் படிவமான 'சி'யைப் பார்த்திருக்கிறீர்களா? இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று பெயர் எழுத ஓர் இடம் உண்டு. ஒப்புதல் தருபவள் அவள் மட்டுமே. தன் சம்மதமின்றிக் கருவைக் கலைத்ததாக இழப்பீடு கேட்ட கணவரின் வழக்கைப் பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்கவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

கண்ணாடிவளவி:
என்னிடம் ஒரு மருத்துவமனையில் படிவத்தைத் திருப்பித் தள்ளி, "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். மாத்திரை அட்டையை அலமாரியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரிந்தவர்தான் அந்த வீட்டுக்காரர். பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று இழிவுபடுத்துவதை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிள்ளை பெறக் கட்டாயப்படுத்துவதை அப்படிக் குறிப்பிடவில்லை. அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

நிதானன்:
வருந்துகிறேன், சகோதரி. ஆனால் மருத்துவமனையே கேட்டது என்றால் விதி இருக்கிறது என்றுதானே பொருள்?

தராசு முள்:
கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில், கருத்தடை தவறிய கர்ப்பம் பற்றிய விளக்கத்தில் இருந்த 'கணவர்' என்ற சொல்லே 'இணையர்' என்று மாறிவிட்டது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. வேம்படி சென்ற மாத ஜீவனாம்சத் திரியிலும் கணவர் வீட்டுக் கொடுமை பற்றிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவையே மேற்கோள் காட்டினார். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு.

வேம்படி:
அந்தத் திரியில் தோற்ற ஆத்திரம் இன்னும் தீரவில்லை போலும். புதிய எண்தான் வேண்டுமென்றால் இதோ: பெண்ணின் ஒப்புதலின்றிக் கருவைக் கலைப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை வைத்திருக்கிறது. யாருடைய ஒப்புதல் என்று மீண்டும் படியுங்கள். வளவி அம்மா, குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாலியல் கொடுமை, உடல்நலக் கேடு என்ற சொற்களுக்குள் உங்கள் நிலையைக் கொண்டுவந்து வாதிடலாம். 23ஆம் பிரிவில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு பெறலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். அங்கேயும் கணவர் கையெழுத்து தேவையில்லை.

கண்ணாடிவளவி:
மனு எழுதவும் அதே வீட்டிலிருந்துதானே வெளியே வர வேண்டும்?

நிதானன்:
'ஆகலாம்' என்ற சொல்லுக்கு மட்டும் நாளை தனித் திரி தொடங்குகிறேன். கையெழுத்து தேவை.