பொருள்: விதிவிலக்கா, விட்ட நாளா, புறனடையா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து டிரெஸ்ஸர்களுக்கும் (தோட்ட மருத்துவ உதவியாளர்கள்) தாதிகளுக்கும் நடக்கவிருக்கும் இரண்டு நாள் வகுப்பின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் கற்பிப்பது, அமெரிக்காவின் மில்வாக்கியில் 1978-இல் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் தொடங்கிய நிலையத்தில் வளர்ந்த பேச்சுச் சிகிச்சை முறை; பிரச்சினையின் காரணத்தைவிடத் தீர்வைத் தேடுவது. 'தீர்வுநோக்குச் சிகிச்சை' என்று போட்டுவிட்டேன். 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் கேள்விக்குப் 'படிக்கேள்வி'. படி அளக்கவும் உதவும், ஏறவும் உதவும். இடிப்பது 'எக்ஸெப்ஷன்' ஒன்றுதான். பிரச்சினை வந்திருக்க வேண்டிய நேரத்தில் வராமலோ குறைவாகவோ இருந்த வேளை. 'விதிவிலக்கு' போதுமா?

தாதி:
போதாது ஐயா. இனிப்புநீர் (நீரிழிவு) வந்ததே தலைவிதி என்று உட்கார்ந்திருப்பவரிடம் "விதிவிலக்கு எப்போது?" என்று கேட்டால், அவர் காதில் விதிதான் விழும். 'விட்ட நாள்' என்று வையுங்கள். காய்ச்சல் விட்டது, மழை விட்டது என்கிறோமே, யாருக்கும் விளக்க வேண்டாம்.

தமிழாசிரியர்:
விதி வடசொல், அதைத் தள்ளியது சரி. ஆனால் நம்மிடம் 'புறனடை' இருக்கிறதே! சொன்ன இலக்கணத்துக்குள் அடங்காதவற்றுக்கும் இடம் தருவதற்குத் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் புறனடை நூற்பாக்கள் உண்டு. புறம் + நடை, வழக்கமான போக்குக்குப் புறத்தே நடப்பது. இந்தப் பொருளுக்கே பிறந்த சொல்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அதைப் புறன் + அடை என்றும் பிரிக்கலாம். நிலம் நிலன் ஆவதுபோலப் புறம் புறன் ஆகும். வெளியில் நிற்பதை அடைத்துக்கொள்வது, அதாவது சேர்த்துக்கொள்வது. இந்தச் சிகிச்சைக்கு அதுதான் நெருக்கம்.

தமிழாசிரியர்:
ஐயா, அடை என்றால் அடைமொழியின் அடைதான் நினைவுக்கு வரும். 'நடை'யை விட்டால் சொல்லில் உயிர் இல்லை.

மருந்தாளர்:
புறனடை எப்படிப் பிரிந்தாலும் பரவாயில்லை, 'விட்ட நாள்' மட்டும் வேண்டாம். எங்கள் கவுண்டரில் "மாத்திரை விட்ட நாள் உண்டா?" என்றுதான் கேட்கிறோம். 'விட்ட நாளை'ப் பாராட்டிப் பேசினால், மருந்து போடாத நாளைப் பாராட்டுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆற்றுப்படுத்துநர்:
அதைவிடப் பெரிய குறை ஒன்று. 'காய்ச்சல் விட்டது' என்பதில் எழுவாய் காய்ச்சல். ஆள் எதுவும் செய்யவில்லை, அது தானாகப் போனது. நாம் தேடுவது ஆள் செய்ததை. "போன வாரம் ஏழு நாளும் குடித்தீர்களா?" "புதன்கிழமை இல்லை." புதியவர்கள் "சரி, மற்ற ஆறு நாள் ஏன்?" என்று கேட்டுக் கதவை மூடிவிடுகிறார்கள். புதன்கிழமையிலேயே நிற்க வேண்டும். "அன்று என்ன செய்தீர்கள்? வேலை முடிந்து எந்தப் பாதையில் வீட்டுக்குப் போனீர்கள்? வித்தியாசத்தை வீட்டில் யார் முதலில் கவனித்தார்கள்?" பெரும்பாலும் முதல் பதில் "கையில் காசில்லை" என்றுதான் வரும். அங்கேயும் விட்டுவிடாதீர்கள். "கடன் கேட்காமல் எப்படி இருந்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. படிக்கேள்வியும் அப்படியே. 4 என்றால் "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள். "3 ஆகாமல் 4 ஆனது எப்படி? 5 ஆனால் எது மாறியிருக்கும்?" என்று கேளுங்கள்.

கையேட்டில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். பாராட்டுக்கு முன் அதை விசாரித்து, தேவையானால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
ஒரு ஐயம். "நோய்நாடி நோய்முதல் நாடி" என்கிறது குறள். காரணத்தைத் தேடாத சிகிச்சை எப்படிச் சிகிச்சையாகும்?

ஆற்றுப்படுத்துநர்:
ரத்தத்தில் சர்க்கரை ஏன் ஏறியது என்பதை டாக்டர் நாடட்டும் ஐயா, அதை இந்த முறை தடுக்கவில்லை. அதே குறளில் "அதுதணிக்கும் வாய்நாடி" என்றும் இருக்கிறதே. வாய் என்றால் வழி; நாம் நிற்பது அந்த வழியில்.

தாதி:
'விட்ட நாளை' விலக்கிக்கொள்கிறேன். 'நல்ல நாள்' என்று போடவும் பயம், பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். 'லேசான நாள்' எப்படி? குறைவாக வந்ததும் அதில் அடங்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுப் பாட்டிக்கும் புரியும்.

ஆற்றுப்படுத்துநர்:
அதிலும் ஆள் இல்லை. ஆனாலும் "அந்த லேசான நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று உடனே சேர்த்து அச்சடித்தால் சம்மதம்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரம் இல்லை. தலைப்பில் 'விதிவிலக்கு', நோயாளியிடம் கேட்கும் வாக்கியத்தில் 'லேசான நாள்', ஆற்றுப்படுத்துநர் சொன்ன கேள்வி உடனே அடுத்த வரியில். நால்வர் சம்மதம். இரவில் தூங்கும்போது பிரச்சினை தீர்ந்துவிட்டால் காலையில் எது மாறியிருக்கும் என்று கேட்கும் 'அற்புதக் கேள்வி'யில் ஜெபக்கூட்டத்தின் வாடை வருகிறது என்று தனி மடலில் வந்ததால் அதை 'அதிசயக் கேள்வி' ஆக்கிவிட்டேன்.

தமிழாசிரியர்:
நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். டிரெஸ்ஸர்களுக்கு ஒரு சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தெரியாதா? கலைச்சொல் பட்டியலிலாவது 'புறனடை' இருக்கட்டும். இரண்டாம் பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.