சிதம்பரமும் 79 டிகிரி 41 நிமிடமும்

பூகோள வாத்தியார்:
மார்கழித் திருவாதிரை நெருங்கினால் போதும், அந்தச் செய்தி கிளம்பிவிடுகிறது: 'பூமியின் காந்தப்புல மையப்புள்ளியில்தான் நடராசர் கோயில் கட்டப்பட்டிருக்கிறது.' இன்று காலை எனக்கு அனுப்பியவன் என்னிடமே படித்தவன். காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும் அந்தக் கோடுதான் காரணம். சிதம்பரம் அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சாமி கும்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அறிவியலின் பெயரால் புளுகாதீர்கள்.

தில்லைவாசி:
காந்தத்தை விடுங்கள். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி மூன்றும் 79 டிகிரி 41 நிமிடக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. ஆகாயம், நிலம், காற்று மூன்றும் ஒரே கோட்டில். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இது எப்படி? இதற்குப் பதில் சொல்லுங்கள். பெரிய கோயில் நிழல் விவாதத்தில் ஓடியதைப் போல ஓடாதீர்கள்.

பூகோள வாத்தியார்:
நான் ஓடவில்லை. விமானத்தின் நிழல் தரையில் விழுவதைப் படத்தோடு போட்டேன். அதன்பிறகு வாய் திறக்காதவர் நீங்கள். பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. திருவண்ணாமலை 79 டிகிரி 4 நிமிடம். திருவானைக்கா 78 டிகிரி 42 நிமிடம். நெருப்பையும் நீரையும் எங்கே ஒளித்துவைத்தீர்கள்?

தில்லைவாசி:
ஒளிக்கவில்லை. மூன்றைப் பற்றித்தான் கேட்டேன். 79 டிகிரி 41 நிமிடம் உண்மையா, பொய்யா?

பூகோள வாத்தியார்:
நிமிடம் வரை ஒன்றுதான். விநாடியில் வேறுபடுகிறது. சிதம்பரத்துக்கும் ஏகாம்பரநாதருக்கும் நடுவே கிழக்கு மேற்காக அரை கிலோமீட்டருக்கு மேல் விலகல் இருக்கிறது.

தில்லைவாசி:
சிதம்பரத்திலிருந்து காளத்தி 260 கிலோமீட்டர். அதில் அரை கிலோமீட்டர் உங்கள் கண்ணை உறுத்துகிறது! சங்கு என்னும் முளையை நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்தவர்கள் நம் ஸ்தபதிகள். வடக்கு எது என்று வெள்ளைக்காரன் வந்து சொல்ல வேண்டுமா?

பூகோள வாத்தியார்:
வடக்கை அறிவது வேறு. கண்ணுக்கு எட்டாத ஓர் ஊர் நமக்கு நேர் வடக்கே இருக்கிறதா என்று அறிவது வேறு. அதற்குத் தொடர் முக்கோண அளவை வேண்டும். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை அது. மேலும், இந்த மூன்று கோயில்களும் ஒரே அரசன் ஒரே நாளில் மனை பிரித்துக் கட்டியவை அல்ல.

நெய்தல்:
வாத்தியார் ஐயா தும்பாவைப் பாதிதான் சொன்னார். ஏவுதளத்துக்குத் தன் இடத்தைத் தந்தது மகதலேனா மரியாள் தேவாலயம். ஆயர் பெரைரா இறைமக்களிடம் கேட்டார், அவர்கள் சம்மதித்தார்கள். அந்த ஆலயக் கட்டடத்திலேயே விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். எங்கள் கடலோர மக்கள் வீட்டை விட்டுக் கொடுத்தார்கள். அதை யாரும் பேசுவதில்லை.

தில்லைவாசி:
தேவாலயம் இடம் கொடுத்தால் தியாகம். கோயில் நேர்கோட்டில் நின்றால் தற்செயல். நல்ல நியாயம், அம்மா.

நெய்தல்:
கோயிலைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். போன மாதமும் இதையே செய்தீர்கள்.

கொள்ளிடக்கரை:
நான் சிதம்பரத்துக்காரன். சிதம்பர ரகசியத் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலை. அதற்கு அப்பால் வெறும் வெளி. அந்த வெளியைக் கும்பிடக் காந்தம் எதற்கு, டிகிரி எதற்கு? ஆய்வுக்கூடத்தில் சான்றிதழ் வாங்கி வந்து நீட்டுகிறவர்களுக்குத்தான் நம்பிக்கை குறைவு என்பேன்.

பூகோள வாத்தியார்:
அப்படியானால் அந்தச் செய்தி பொய் என்று வெளிப்படையாகச் சொல்லுங்களேன். நழுவுவது ஏன்?

கொள்ளிடக்கரை:
உங்களுக்காக நான் ஏன் சொல்ல வேண்டும்? தரிசனத்துக்கு வருகிறவனை முட்டாள் என்கிற உங்கள் பழைய பதிவுகளை நான் மறக்கவில்லை.

தில்லைவாசி:
நடராசர் சபையின் கூரையில் பொன் ஓடு 21,600. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சும் 21,600. இதுவும் தற்செயலா?

பூகோள வாத்தியார்:
நிமிடத்துக்குப் பதினைந்து என்று வைத்தால் அந்தக் கணக்கு வரும். பெரியவர்களுக்கே பன்னிரண்டு முதல் இருபது வரை போகும். குழந்தைக்கு இன்னும் அதிகம். திருவானைக்காவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

தில்லைவாசி:
79 டிகிரி 41 நிமிடத்துக்கு நீங்களும் சொல்லவில்லை. கொள்ளிடக்கரை, நீங்கள் ஊர்க்காரராக இருந்தால் ஊருக்காகப் பேசுங்கள்.

கொள்ளிடக்கரை:
பெயரில் தில்லையை வைத்துக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருப்பவர் எனக்கு ஊர்ப்பற்று கற்பிக்க வேண்டாம். தேரோட்டத்தன்று கீழவீதிக்கு வாருங்கள், வடம் பிடிப்பது யார் என்று பார்க்கலாம்.