புதுப்பிப்பு: கண்ணாடியில சிலேன் படை திட்டுத்திட்டாக வந்த பிரச்சினை தீர்ந்தது

இந்தத் திட்டுகள் ஏன் வருது என்று முன்னம் இங்க கேட்டிருந்தோம்; உதவின எல்லாருக்கும் நன்றி. இனித் தேடி வாறவங்களுக்காக: ஒளிரும் மூலக்கூறுகளைக் கண்ணாடித் தகட்டில ஒட்டவைக்க முதல்ல ஏபிடிஇஎஸ் (APTES) என்ற அமினோ சிலேனை, அதாவது ஒரு பக்கம் கண்ணாடியோடயும் மறுபக்கம் மூலக்கூறோடயும் பிணையிற சிலிக்கன் சேர்மத்தை, பூசினோம். நுணுக்குக்காட்டியில சீரான படைக்குப் பதிலா திட்டுகள்தான் தெரிஞ்சுது. செனன்-136 இரட்டை பீட்டாச் சிதைவில (அணுக்கரு ஒரேயடியா இரண்டு இலத்திரன்களை வெளிவிடுற சிதைவு) விட்டுப்போற ஒற்றைப் பேரியம் அயனைப் பிடிக்க, நெக்ஸ்ட் (NEXT) என்ற நியூட்ரினோ ஆய்வுக் குழு ஒளிரும் மூலக்கூறு பூசின மேற்பரப்புகளை ஆராயுது; எங்கட வேலை அதன்ர சின்ன மாதிரி.

கைகொடுத்தது, "ஈரத்தைப் பாருங்க" என்று எழுதின அக்காட யோசனை. மட்டக்களப்பு மாரிக் காற்றில சிலேன் கண்ணாடியைத் தொட முன்னமே தன்னோட தானே பிணைஞ்சு கட்டியாகுது. தீர்வு: கரைப்பானா நீரகற்றின டொலுயீன், சிலிக்கா ஜெல் போட்ட உலர்த்தி, நல்லாக் கழுவினபிறகு 110 பாகையில சூடாக்கல். இவ்வளவுதான். கழுவாம சூடாக்கினா திட்டு இறுகிப்போகும், பிறகு தகட்டை எறியத்தான் வேணும்.

படை பிடிச்சிருக்கா என்று பார்க்க ஒரு துளி தண்ணி காணும். சுத்தக் கண்ணாடியில பரவி ஓடும், படையிட்டதில குவிஞ்சு நிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: பிளாஸ்ரிக் பெட்டியில வச்ச தகடுகள் ஒளிரும் மூலக்கூறு பூசாமலே மினுங்கிச்சு. கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாத்தினதும் அந்தப் பின்னணி ஒளிர்வு பெரும்பாலும் அடங்கிட்டு.