மறு: பனிப்பந்து வேண்டாம், 'அறிமுகத் தொடர்' சரிவருமா?

தம்பி, உங்கள் முன்வரைவில் முறையியல் பகுதியைப் படித்தேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களைப் பற்றித் தமிழிலேயே முனைவர் பட்ட ஆய்வு, நல்லது. ஆனால் 'பனிப்பந்துக் கூறெடுப்பு' (snowball sampling, அதாவது ஒருவரைப் பிடித்து, அவர் காட்டும் ஆட்கள் மூலம் இன்னும் பலரை ஆய்வுக்குச் சேர்ப்பது) என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள்.

பனி கொட்டாத ஊரில் பனிப்பந்தா என்ற கேலியை விடுங்கள், இந்தப் பெயரோடு எனக்குள்ள தகராறு வேறு. பந்து உருள உருள எல்லாப் பக்கமும் பெருகும், இந்த முறை அப்படிப் பெருகாது. லேபர் ஏஜென்ட் ஒருவரிடம் ஆரம்பித்தால் அவர் தன் ஆட்களைக் காட்டுவார், அவர்கள் அதே லைன் வீட்டில் பக்கத்து அறையைக் காட்டுவார்கள், ஐம்பது பேரைப் பார்த்து முடித்தாலும் ஒரே வட்டாரத்து ஆண்களாகவே இருப்பார்கள், ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். புள்ளியியலாளர் லியோ குட்மன் 1961இல் இதைக் கணக்காக எழுதியபோது முதல் சுற்று ஆட்களைச் சமவாய்ப்பில், குலுக்கல் போல, எடுத்தார்; ஒருவர் எத்தனை பேரைச் சொல்ல வேண்டும், எத்தனை சுற்று என்பதும் முன்கூட்டியே முடிவானது. நம் ஆய்வேடுகளில் முதல் ஆள் பெரும்பாலும் கைடுக்குத் தெரிந்தவர்!

இதற்கு 'ஆள்காட்டிக் கூறெடுப்பு' என்று பெயர் வைக்கலாம் என இந்த உரையாடலில் முன்பு ஒருவர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனையும் அப்படித்தானே சொல்கிறோம், அந்தப் பெயரோடு தொழிலாளர் குடியிருப்புக்குள் போக முடியுமா? 'சங்கிலிக் கூறெடுப்பு' என்றால் தேவலை, அதிலும் ஒரு கொத்தடிமை வாடை.

என் பரிந்துரை 'அறிமுகத் தொடர்க் கூறெடுப்பு'. யாருக்கு யார் அறிமுகம் என்பதுதான் இதன் பலம், கோளாறும் அதுவே, பெயரிலேயே அது தெரிந்துவிடும். சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் முன்வைத்த முறைக்கு, அதாவது அடுத்தவரை அழைத்து வர ஒருவருக்கு இத்தனை கூப்பன்தான் என்று கட்டுப்படுத்தி, அவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதையும் கணக்கில் சேர்ப்பதற்கு, 'பதிலாளர்வழிக் கூறெடுப்பு' என்று தனிப்பெயர் இருக்கட்டும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அப்புறம், முன்வரைவில் எந்தெந்த வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: ஏஜென்ட், தொழிற்சங்கம், மளிகைக் கடை, பெண்கள் ஹாஸ்டல் வார்டன். ஒவ்வொன்றிலும் தொடங்கும் ஆளுக்கு 'விதையாள்' என்று வைக்கலாமா? 'முதலாள்' என்று எழுதினால் அச்சுக் கோப்பவர் முதலாளி ஆக்கிவிடுவார்.