குழந்தைகள் நலப் பிரிவு இடம் மாறியபோது: எங்கள் அனுபவங்கள்

குழந்தைகள் நலச் செவிலியர் ஒருவரின் பகிர்வு

பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இயங்கிவந்த எங்கள் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவை, குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள சமுதாய நல மையத்துக்கு மாற்றுவது என்று முடிவானபோது, அந்தப் பணியைப் பொறுப்பேற்றுச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. தடுப்பூசி, எடை உயரக் கண்காணிப்பு, கேட்புத்திறன் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி ஆகியவை இடம் மாறின. அவசர சிகிச்சையும் உள்நோயாளிப் பிரிவும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டன. மருத்துவ வசதி மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும் என்ற 1978ஆம் ஆண்டின் அல்மா அட்டா பிரகடனத்தைப் பயிற்சிக் காலத்தில் படித்து மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டவள் நான். அந்த நம்பிக்கை இன்றும் குறையவில்லை. ஆயினும் அறைகளை மாற்ற எங்களுக்கு இரண்டு நாட்களே தேவைப்பட்டன என்பதையும், ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் நாங்கள் அறிந்து வைத்திருந்தவை முழுமையாக அங்கே வந்து சேர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லோரும் மிகவும் அஞ்சியது தடுப்பூசிகளைக் கொண்டுசெல்வதற்குத்தான். அந்த அச்சத்தாலேயே அது குறையின்றி நடந்தது. குளிர்பதனப் பெட்டியை ஒரு வாரம் முன்னதாகவே புதிய இடத்தில் இயக்கி, வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் நிலையாக இருக்கிறதா என்று காலையும் மாலையும் குறித்து வந்தோம். உறைந்த ஐஸ் பேக்குகளை அப்படியே தடுப்பூசிகளோடு வைத்தால், உறைந்துபோகக் கூடாத ஹெபடைடிஸ் பி போன்றவை வீரியம் இழந்துவிடும். ஆகையால் அந்த ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கி, உள்ளே நீர் சலசலக்கும் ஓசை கேட்ட பிறகே பெட்டியில் அடுக்கினோம்.

யாரும் அஞ்சாத எடைக்கருவிதான் எங்களைத் தடுமாற வைத்தது. முதல் வாரத்தில் ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றை எடை பார்த்தபோது, சென்ற மாதத்தைவிட 300 கிராம் குறைவாகக் காட்டியது. தாயின் முகம் வாடிவிட்டது; ஊட்டுவதில் தான்தான் தவறு செய்துவிட்டதாக எண்ணிக் கண்கலங்கினார். ஆனால் குழந்தையோ கன்னம் நிறைந்து, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. ஐயம் எழுந்து ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துப் பார்த்தோம். நான்கரை கிலோ என்று காட்டியது. சிறிய அறை என்பதால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள், கருவியின் தட்டு சுவரில் உரசி நின்றிருந்தது. ஒரு விரல் அகலம் நகர்த்தி வைத்து மீண்டும் நிறுத்தபோது குழந்தையின் எடை கூடியே இருந்தது. பழைய வளர்ச்சி அட்டையை அந்தத் தாய் பத்திரமாகக் கொண்டுவந்திராவிட்டால், அந்தத் தவறான எண்ணையே முதல் எண்ணாக எழுதியிருப்போம். அவருடைய கோப்பு அப்போது வேறெங்கோ ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. அன்று மாலையே, அந்த வாரம் எடை பார்த்த குழந்தைகள் அனைவரையும் மறுபடியும் வரச்சொல்லி அழைத்தோம்.

என் மனத்தை இன்றும் உறுத்துவது வராமல் போன குழந்தைகளின் கணக்கு. இரண்டாம் தவணைத் தடுப்பூசிக்காக ஒரு தாய் பழைய மாடிக்கே ஏறிச் சென்றிருக்கிறார். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவரால் படிக்க இயலவில்லை. பிரிவையே மூடிவிட்டார்கள் என்று எண்ணித் திரும்பிவிட்டார். பதிவேட்டில் தவணை தவறியவர்களைத் தேடி எங்கள் களப்பணியாளர் வீடு வீடாகச் சென்றபோதுதான் இது தெரியவந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தவர், திட்டுவோமோ என்றும், எல்லா ஊசியையும் முதலிலிருந்து போட வேண்டுமோ என்றும் பயந்திருந்தார். தவணை தள்ளிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் என்று சொன்னேன். தவறு அவருடையதன்று, காகிதத்தை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணிய எங்களுடையது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் சிறுவனின் தாய்

செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்தபின் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. இடமாற்றத்தால் எங்களுக்கு நன்மையே மிகுதி. அரை நாள் பயணம் கால்மணி நேர நடையாகச் சுருங்கியது. முன்பு மாதம் ஒரு முறை தவறவிட்ட பயிற்சியை இப்போது ஒரு வாரம்கூட நாங்கள் விடுவதில்லை.

முதலில் சில சிக்கல்கள் இருந்தன. கேட்புத்திறன் பரிசோதனை அறை, காத்திருப்புக் கூடத்தை ஒட்டியிருந்தது. மெல்லிய ஒலிகளுக்கு என் மகன் திரும்பவே இல்லை. என் நெஞ்சு படபடத்தது. பரிசோதகர் தாமாகவே நிறுத்தி, "இந்தச் சத்தத்தில் எடுக்கும் முடிவை நான் நம்பமாட்டேன் அம்மா, கூட்டம் கலைந்தபின் பார்ப்போம்" என்றார். மாலையில் அதே ஒலிகளுக்கு அவன் தலையைத் திருப்பினான். பேச்சுப் பயிற்சியாளரும் மாறியிருந்தார். பழைய பயிற்சியாளருடன் பழகவே நான்கு மாதம் எடுத்துக்கொண்ட பிள்ளை அவன். நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் முதல் இரண்டு வகுப்புகளுக்குப் புதிய அறைக்கு வந்து, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்பில் அவர் வராததை மகன் கவனித்தான், ஆனால் அழவில்லை. இந்த ஏற்பாடு கேட்பவர்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இரண்டு குழந்தைகளின் தந்தை

என்னுடையது சுருக்கமானது. குழந்தைகள் பிரிவு மையத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்ததால், இரவில் இளைய மகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தபோது அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். மையம் பூட்டியிருந்தது. காவலாளிதான் மருத்துவமனைக்குப் போகச்சொல்லி வண்டி ஏற்றிவிட்டார். மகள் இப்போது நலமாக இருக்கிறாள்.

மறுவாரம் மையத்துக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது, மகளின் அட்டையின் முதல் பக்கத்தில் செவிலியர் கைப்பட எழுதித் தந்தார்: வலிப்பு வந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால் இங்கே வர வேண்டாம், நேராக மருத்துவமனைக்குச் செல்லவும். எனக்குப் பின்னால் நின்றவர்களின் அட்டைகளிலும் அதையே எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதோடு விடாமல், ஒவ்வொருவருக்கும் உரக்கப் படித்தும் காட்டினார்.