டேர்பைன் பிளேட் நுனி இடைவெளி டேக்-ஓஃபில மைனஸ் காட்டுது, எங்க பிழை?

அறிவியல்நகர்_இறுதியாண்டு
வணக்கம் அண்ணாமார். கிளிநொச்சி பொறியியல் பீடத்தில இறுதியாண்டுச் செயற்திட்டம். விமான எஞ்சினின்ர உயரழுத்த டேர்பைனில ஒரு கட்டத்துக்கு மொடல் செய்யிறன். பிளேட் நுனி ஆரை 350 மிமீ. குரூஸில (உயரத்தில சீராப் பறக்கேக்க) பிளேட் நுனிக்கும் அதைச் சுத்தியிருக்கிற கேஸிங்குக்கும் (வெளிக்கூடு) இடைவெளி 0.4 மிமீ. ஐடிலில (ஆகக் குறைஞ்ச வலு) இருந்து டேக்-ஓஃப் வலுவுக்குப் போகேக்க மைனஸுக்குப் போகுது, அதாவது நுனி கேஸிங்கில உரசுது. கேஸிங்கைக் குளிர்த்திற காற்றை முழுசாத் திறந்துதான் விட்டிருக்கிறன். பிறகும் ஏன்?

ஓமந்தை_இயந்திரவியல்
தம்பி, அந்தக் காற்றுத்தான் பிழை. கேஸிங் குளிர்ந்தால் சுருங்கும், இடைவெளி குறையும். மாட்டுவண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுற அதே சங்கதி. விரிவுக் குணகம் 13×10⁻⁶ எண்டு எடுத்தால், 350 மிமீ ஆரையில 100 பாகை செல்சியஸுக்கு 0.45 மிமீ. உங்கட 0.4 அதிலயே முடிஞ்சிடும்.

வலுவைக் கூட்டினவுடன மையவிலக்கால டிஸ்க் (பிளேட்டுகள் பொருத்தியிருக்கிற சுழல் தட்டு) விரியும், பிளேட் நீளும். வேகத்தின்ர வர்க்கத்துக்கு ஏற்ப, உடனடியா. பிளேட் சில செக்கனில சூடாகும். கேஸிங் பின்னால ஆறுதலா வரும். இறுகிறது அந்த இடத்திலதான். டேக்-ஓஃபில அந்தக் குளிர் காற்றின்ர வால்வை மூடி வைச்சு, குரூஸ் நிலைச்ச பிறகு திறவுங்கோ. டிஸ்க் சூடாக நிமிடக்கணக்கு எடுக்கும். அதுக்குத் தனி நேர மாறிலி (எவ்வளவு கெதியாச் சூடாகுது எண்ட அளவு) போட்டிருக்கிறியளா?

முறிகண்டி_டேர்போ
அதோட இதையும் ஓட்டிப் பாருங்கோ: முழு வலுவில இருந்து ஐடிலுக்கு இறக்கி, கேஸிங் குளிர்ந்து டிஸ்க் இன்னும் சூடா இருக்கேக்கயே திருப்பி முழு வலு. டேக்-ஓஃபை விட இறுக்கமா வரலாம். உரசினால் எது தேயுது எண்டதும் முக்கியம். கேஸிங் பக்கப் பூச்சு தேய்ஞ்சால் உரசின அந்த வட்டத்துண்டில மட்டும்தான் இடைவெளி கூடும். பிளேட் நுனி தேய்ஞ்சால் சுற்று முழுக்கக் கூடும். 0.25 மிமீ கூடினாலே எரிபொருள் கிட்டத்தட்ட 1 வீதம், வெளியேறு வாயு வெப்பநிலை 10 பாகை அளவில ஏறும்.

சிஎஃப்எம்56-7பி எஞ்சினில இந்த வால்வ் வெறும் திற-மூடு இல்லை. கம்பிரசரின்ர 4ஆம், 9ஆம் கட்டக் காற்றைக் கலந்து விடுது. 9ஆம் கட்டக் காற்று சூடு கூட, அதால கேஸிங்கை விரிக்கவும் ஏலும்.

அறிவியல்நகர்_இறுதியாண்டு
டிஸ்குக்கும் பிளேட்டுக்கும் ஒரே நேர மாறிலிதான் போட்டிருந்தனான். பிரிச்சு, வால்வையும் மூடினாப் பிறகு டேக்-ஓஃபில ஆகக் குறைஞ்சது 0.12. ஆனா திருப்பி வலுக் கூட்டேக்க மைனஸ் 0.06. குரூஸ் 0.4ஐ விடவேணுமோ?

ஓமந்தை_இயந்திரவியல்
விடத் தேவையில்லை. பொருத்தேக்க வைக்கிற குளிர் இடைவெளியை 0.25 கூட்டுங்கோ. குரூஸில வாற அந்த மிச்சத்தைக் காற்றால எடுங்கோ. கேஸிங் இன்னும் 55 பாகை குளிர்ந்தாக் காணும். அப்ப இறுக்கமான இடத்தில 0.19 நிக்கும். அதைப் பார்த்திட்டு மேலும் குறைக்க வெளிக்கிடாதேங்கோ. உங்கட மொடலில கேஸிங் சரியான வட்டம். உண்மையில உந்துவிசையில எஞ்சின் வளையும், கேஸிங் நீள்வட்டமாகும், பெயாரிங்குக்கும் தன்ர ஆட்டம் இருக்கு.