புதுப் பயனர் ஒருவரைத் திரும்ப அழைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தமிழ் விக்கிப்பீடியாவில் போன மாதம் ஒரு புதுப் பயனர் தன் ஊர் ஏரியைப் பற்றி எழுதியிருந்தார். அதில் குமிழித்தூம்பு (ஏரி நீரைத் திறந்துவிடும் பழங்கால மதகு) பற்றிய பத்தி அருமை: மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை, தண்ணீரோடு வண்டலும் வெளியேறும் விதம், எல்லாம் கண்ணால் பார்த்தவர் எழுத்து. நான் அவசரத்தில் 'சான்றில்லை' வார்ப்புருவை (மேற்கோள் இல்லை என்று காட்டும் அறிவிப்பை) இட்டுவிட்டுப் போய்விட்டேன். அவருடைய பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்புகூடச் சொல்லவில்லை. அதன்பின் அவர் ஒரு தொகுப்பும் செய்யவில்லை. தவறு என்னுடையது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

2003-இல் தொடங்கிய விக்கி இது. இன்றுவரை சம்பளமில்லாத கைகள்தான் இதை நடத்துகின்றன. அதில் ஒரு கை விலகினாலும் இழப்புதான்.

கேட்பது இதுதான். ஏரிப் பாசனம், கல்வெட்டுகள் பற்றிய நூல்கள் கைவசம் உள்ளவர்கள், தூம்பு பற்றிய பக்க எண்ணோடு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். மேற்கோளாக நான் சேர்க்கிறேன். உரையில் கை வைக்க வேண்டாம், அதை அவரே திருத்தட்டும். கட்டுரையில் நடந்த மாற்றங்களைப் பட்டியலிடும் வரலாற்றுப் பக்கத்தில் அவர் தொகுப்புக்குப் பக்கத்திலேயே நன்றி சொல்லும் இணைப்பு இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். பயனர்கள் ஒருவருக்கொருவர் தரும் பாராட்டுப் பதக்கம் தருவதானால் எதற்கென்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு முதல் பதக்கம் தந்தவர் 'உங்கள் படவிளக்கம் தெளிவு' என்று எழுதியிருந்தார், இன்னும் நினைவிருக்கிறது.

கட்டுரை இணைப்பை முதல் கருத்தில் இடுகிறேன்.